காலியாக மலையேறிய இடம்

எங்கள் அம்மா இல்லாமல் ஓர் ஏலக்காய் எடுப்புப் பருவம் முழுதாகக் கடந்துவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பெரும்பாலானோர் அம்மாவோடு ஜீப்பில் மலைக்குப் போனவர்கள், அல்லது போனவர்களின் பிள்ளைகள். மற்றவர்கள் எங்கள் உறவினர்கள், தம்பியோடும் என்னோடும் வேலை பார்ப்பவர்கள். எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

இதை எழுதும் பொறுப்பை அப்பா என்னிடம் கொடுத்தார். நான் காற்றாலைகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். கோபுரத்தில் ஏறுவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போவது எங்கள் வழக்கம். அம்மாவைப் பற்றியும் அப்படித்தான் தொடங்கினேன். பிறந்த ஊர், படித்த வகுப்பு, செய்த வேலை, பெற்ற பிள்ளைகள், பட்ட கஷ்டங்கள், நல்ல குணங்கள். எழுதி முடித்துப் படித்தபோது ஒரு பிழையும் இல்லை. ஆனால் அது யாருடைய அம்மாவுக்கும் பொருந்தும்போல இருந்தது. அதனால் மற்றவற்றைச் சுருக்கிவிட்டு, நான் பத்தாம் வகுப்புப் படித்த வருடத்தில் அம்மா செய்த ஒரு காரியத்தை மட்டும் விரிவாக எழுதுகிறேன். அதைப் பார்த்தவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். தவறு இருந்தால் திருத்துங்கள்.

அம்மா பிறந்தது பண்ணைப்புரத்தில். நான்கு பிள்ளைகளில் மூத்தவர். தாத்தாவுக்குச் சொந்த நிலம் கிடையாது. அம்மா எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டார். ஏன் நின்றார் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் பெண்பிள்ளை படிப்பை நிறுத்துவதற்குக் காரணம் கேட்கிற வழக்கமும் இல்லை. எனக்கு அது தெரியவந்த இடம் பின்னால் வரும்.

கல்யாணமாகி அம்மா வந்த ஊர் எங்கள் ஊர். ஊர் என்று சொன்னாலும் வீடுகள் சேர்ந்தாற்போல் இருக்காது. தோட்டத்துக்குள் ஒன்று, ஓடைக்கு அந்தப் பக்கம் நான்கு, மலையடிவாரத்தில் ஒரு வரிசை. பேருந்து இங்கே வந்து திரும்பிப் போகும். இதற்கு மேல் மலைதான். அப்பா ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் பந்தல் வேலைக்குப் போனார். அம்மா விடியற்காலை ஜீப்பில் ஏறி, மேட்டைத் தாண்டி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போனார். பொழுது சாயும்போது இறங்கி வருவார். நானும் தம்பியும் பிறந்த இரண்டு இடைவெளிகளைத் தவிர அம்மா இதை நிறுத்தியதே இல்லை. சில வருடங்களில் அம்மாவே கங்காணி ஆனார். கங்காணி என்றால் ஜீப்புக்கு ஆள் சேர்ப்பவர். தோட்டத்தில் பெண்களின் பின்னால் நடந்து, செடியில் காய் விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் அவர் வேலைதான்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக ஜீப்பின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஜீப்பில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் இடம் உண்டு. ஒருவர் வராத நாளில் அந்த இடத்தில் வேறு யாராவது ஏறிக்கொண்டால், அந்தப் பருவம் முடியும்வரை இடம் ஏறியவருக்குத்தான். ஆகவே காய்ச்சலோ, வீட்டில் விசேஷமோ, வரமுடியாத பெண் தன் இடத்தைக் காப்பாற்றத் தன் மகளை அனுப்புவார். இதற்கு மாத்து ஆள் என்று பெயர். மகனை அனுப்ப முடியாது, காய் எடுப்பு பெண்கள் வேலை. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஒரு நாள்தானே என்பதுதான் எல்லா வீட்டிலும் கணக்கு.

எத்தனை பேர் என்று தோட்டத்தில் சொல்லியிருக்கிறாரோ அத்தனை பேரோடு போய் இறங்குவதில் அம்மாவுக்குப் பெருமை இருந்தது. அவருடைய ஜீப்பில் ஓர் இடம் காலியாக யாரும் பார்த்ததில்லை.

நான் எட்டாம் வகுப்பு முடித்த வருடம் எங்கள் ஊர் நடுநிலைப்பள்ளி உயர்நிலைப்பள்ளியாகத் தரம் உயர்ந்தது. அதற்கு முன் எட்டு முடித்த பையன்கள் பேருந்தில் தொங்கிக்கொண்டு வெளியூர்ப் பள்ளிக்குப் போவார்கள். பெண்கள் பெரும்பாலும் ஜீப்பில் ஏறிவிடுவார்கள். பெயர்ப் பலகையில் 'நடுநிலை' என்பதை அழித்து அதே நீல நிறத்தில் 'உயர்நிலை' என்று எழுதினார்கள். வெயில் அடித்தால் பழைய எழுத்து அடியில் தெரியும். முதல் வருடம் ஒன்பதாம் வகுப்பு, அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. அந்த முதல் பத்தாம் வகுப்பில் நாங்கள் பதினோரு பேர். சத்துணவு அரிசி மூட்டை அடுக்கியிருந்த அறைதான் வகுப்பறை. மழைக்காலத்தில் சுவரிலிருந்து அரிசி வாசம் வரும். அறிவியல் கூடம் என்பது ஒரு பீரோ. அதற்குள் ஒரு நுண்ணோக்கி, இரண்டு காந்தம், சுருட்டி வைத்த எலும்புக்கூட்டுப் படம். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடினால் கணக்கு டீச்சர் குரலை உயர்த்துவார், நின்றால் இறக்குவார்.

இப்போது நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நான்கு வீட்டுப் பிள்ளைகளுக்கும் முக்கோணவியல் தெரிய வேண்டும் என்று எங்கோ யாரோ முடிவு செய்து, ஒரு கணக்கு டீச்சரையும் ஒரு பெட்டிச் சாக்பீஸையும் பேருந்து திரும்பும் இடம்வரை அனுப்பிவைத்திருக்கிறார்கள். தலைமையாசிரியை பெரியகுளத்திலிருந்து பேருந்து மாறி மாறி வருவார். அவரை எல்லோரும் பெரிய டீச்சர் என்போம். தாமதமாக வந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் ஆடி பிறந்து மலையில் காய் எடுப்பு தொடங்கியதும் எங்கள் பெஞ்சுகளில் இடைவெளி விழுந்தது. இன்று ஒருத்தி இல்லை, நாளை வேறொருத்தி இல்லை. வந்தவள் போனவளிடம் பாடம் கேட்பாள். போனவள் மறுநாள் கையெல்லாம் கறையோடு வந்து உட்காருவாள். நான் மட்டும் ஒரு நாளும் போனதில்லை. கங்காணியின் மகளுக்கு மாத்து ஆள் வேலை வருவதில்லை, ஏனென்றால் கங்காணி வராமல் இருந்ததில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் முற்பகல் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது வெளியே ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் ஜீப் ஊருக்குள் இருக்காது. எட்டிப் பார்த்தால் அம்மா. ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் சாக்குக் கட்டும் கயிறு. அவர் பின்னால் அதே உடையில் என் வகுப்புப் பெண்கள் மூவர். அதில் ஒருத்தி பவித்ரா, என் பக்கத்து இடத்துக்காரி. அவள் அம்மா முருகேஸ்வரி அத்தைக்கு இடுப்பு வலி. அதனால் மாத்து ஆளாகப் போயிருந்தாள்.

அம்மா வாசலில் நின்று, "டீச்சர், இதுகள உள்ள விடுங்க. கேரளாவுல இன்னைக்குப் பந்த்தாம். செக்போஸ்ட்டுலயே திருப்பி விட்டுட்டாக" என்றார்.

பெரிய டீச்சர் அப்போது எங்களுக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தார். "வாங்கத்தா, வந்து ஒக்காருங்க" என்று அவர்களை உள்ளே விட்டார். பிறகு வகுப்பை ஒரு முறை பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "ஆடி பொறந்ததுல இருந்து இன்னைக்குத்தாம்மா என் வகுப்பு நெறஞ்சிருக்கு. நாளைக்கும் பந்த் வருமா? வந்தா நல்லாருக்கும். இந்தப் பாடத்த முடிச்சிருவேன்."

நாங்கள் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. பெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இருவரும் வராந்தாவுக்குப் போனார்கள். பேசியது எங்களுக்கு நன்றாகவே கேட்டது.

"ஒரு நாளு, ரெண்டு நாளுதான டீச்சர் வாராளுக?" என்றார் அம்மா.

"ஒருத்திக்கு ஒரு நாளு. எனக்குத் தெனமும் ஒருத்தி இல்லம்மா." டீச்சர் குரலில் கோபம் இல்லை. "நாள் கொறஞ்சா பரிட்சைக்குப் பேரு அனுப்ப முடியாது. ஹால் டிக்கெட் வராது. இப்பவே அஞ்சாறு பேரு இழுபறியில நிக்கிறாளுக. மொத மொதலா இந்த ஊருக்குப் பத்தாவது வந்திருக்கு. மொத வருசமே எழுத ஆளில்லைன்னா, அம்புட்டுத் தூரத்துல எதுக்குப் பத்தாவதுன்னு மேல கேப்பாக. நான் என்னத்தச் சொல்லுவேன்?"

டீச்சரே மேலும் கேட்டார்.

"ஒங்க ஜீப்புல எடம் காலியா இருந்து பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"அந்தக் காலி எடமெல்லாம் இங்கனதாம்மா இருக்கு."

அம்மா இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒரு நாள்தான் குறைந்தது. எல்லா வீட்டு நாளும் ஒரே அறையில் வந்து சேர்ந்ததை அதுவரை யாரும் வந்து பார்க்கவில்லை. அம்மாவும் பார்க்கவில்லை.

அன்று மாலையே அம்மா தன் ஜீப்புப் பெண்களின் வீடு வீடாகப் போனார். துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான். பத்தாவது முடிக்காத பிள்ளையை இனி ஜீப்பில் ஏற்ற மாட்டேன். வரமுடியாதவர் வர வேண்டாம். இடம் காலியாகவே போய்க் காலியாகவே வரும், வேறு ஆளை ஏற்ற மாட்டேன்.

முருகேஸ்வரி அத்தை கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். இந்த உரையாடலை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதாத்தா, நான் பேசுனதுதான" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

"ஒனக்கென்ன மதினி, நீ கங்காணி. ஒம் மக நோகாம பள்ளிக்கூடம் போறா. எம் மக ஒரு நாளு மாத்து ஆளுக்கு வந்தா ஒனக்கு வலிக்குதாக்கும்?"

"வலிக்குதுதான்."

"எடம் போச்சுன்னா நீ வந்து ஒல வைப்பியா?"

"எடம் போகாது."

"யாரு சொன்னா?"

"நாந்தான் சொல்றேன்."

"இன்னைக்குச் சொல்லுவ. கார்த்திகையில காய் குமிஞ்சு கெடக்கும். அப்ப அந்த டிரைவர் காசிம் காலி எடத்த ஏத்திக்கிட்டு மலையேறுவானாக்கும்? போ மதினி, வேற சோலி இருந்தாப் பாரு."

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "நானும் ஒரு நாளைக்குத்தான் மதினி மலைக்கு வந்தேன். எங்க ஆத்தாவுக்குக் காய்ச்சல். எட்டாவது முழுப்பரிட்சை எழுதிட்டு, ஒம்பதாவதுல போயி ஒரு மாசம் ஒக்காந்திருந்தேன். ஒரு நாளு போயிட்டு வா, எடம் போயிரும்னாக. வந்தேன். அந்த ஒரு நாளு இன்னும் முடியல."

அத்தை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார்.  அம்மா அதைப் பற்றி அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

ஓட்டுநர் காசிம் அண்ணன் உத்தமபாளையத்துக்காரர். மறுநாள் ஜீப்படியில் நடந்ததை அவர் துக்கம் கேட்க வந்தபோது சொல்லிச் சிரித்தார், பிறகு அழுதார்.

"யக்கா, காலி எடம் டீசல் குடிக்காதுன்னு நெனச்சியா?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

"ஒக்காந்து வர்ற நாங்களே ஒன் வண்டியில பாதித் தூரம் தொங்கிக்கிட்டுத்தான வாரோம். ஒரு எடம் காலியா இருந்தா வண்டிக்கும் மூச்சு விட்டாப்புல இருக்கும், எடு."

"செக்போஸ்ட்டுல கேட்டா? பேய் ஒக்காந்திருக்குன்னு சொல்லவா?"

"சொல்லு. பேய்கிட்ட எவனும் கேள்வி கேக்க மாட்டான்."

தோட்டத்தில் மேற்பார்வையாளர் தலைகளை எண்ணிவிட்டு மலையாளத்தில், "சேச்சி, ஆளு கொறவாணல்லோ?" என்றாராம். அம்மா, "கொறவில்ல சார், நான் இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டு இடுப்பில் சாக்கைக் கட்டியிருக்கிறார். கங்காணியானபின் அம்மா காய் எடுப்பதை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. ஏலச்செடியின் காய் தரையோடு ஒட்டிக் காய்க்கும். குந்தி உட்கார்ந்து, சரிவில் நகர்ந்து நகர்ந்துதான் எடுக்க முடியும். அம்மாவுக்கு அப்போதே முட்டி வலி இருந்தது. அன்றிலிருந்து யார் வராவிட்டாலும் அந்த ஆளின் வேலையை அம்மா செய்தார். கங்காணி வேலையையும் விடவில்லை. தன் வரிசையை எடுத்து முடித்துவிட்டு எழுந்து மற்றவர்கள் வரிசையைப் பார்த்து வருவார்.

ஆனால் யாரும் நம்பவில்லை. வாய்ப்பேச்சுக்கு எவ்வளவு நாள் ஆயுள் என்று பார்க்கத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். முருகேஸ்வரி அத்தை காத்திருக்கவும் இல்லை. அவரை மருத்துவர் எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார். அம்மா ஜீப்பில் ஏற்றாவிட்டால் என்ன, வேறு ஜீப் இல்லையா, அங்கே ஓர் இடம் பிடித்துக்கொள்ளலாம் என்று பவித்ராவை வேறொரு கங்காணியிடம் அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து என் பக்கத்து இடம் காலி. பெரிய டீச்சர் தினமும் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் வீட்டுக்கு வந்து சொல்வேன். "தெரியும்" என்பார் அம்மா, அவ்வளவுதான்.

கார்த்திகை வந்தது. அத்தை சொன்னது போலவே மலையில் காய் குமிந்து கிடந்தது. எல்லா ஜீப்பிலும் ஆள் நெருக்கியடித்தது. பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் ஜீப்படிக்கு வந்து, முருகேஸ்வரி அத்தையின் இடத்தைக் காட்டி, "காலியாத்தான கெடக்கு, நான் ஏறிக்கிறேன்" என்றார். காசிம் அண்ணனுக்கும் ஆசைதான். "யக்கா, அந்தப் பொம்பள எடுப்புல கெட்டியாம். இந்த ஒரு மாசத்துக்கு மட்டும்" என்று இழுத்தார்.

அம்மா தன் தூக்குவாளியை எடுத்து அந்த இடத்தில் வைத்தார்.

"ஆளு இருக்கு."

"எங்க இருக்கு?"

"வரும்."

ஜீப் புறப்பட்டது. மற்றவர்கள் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நடுவில் ஒரு தூக்குவாளி தனக்கென்று ஓர் இடத்தில் உட்கார்ந்து மலையேறியது. மாலையில் அதே இடத்தில் இறங்கி வந்தது. மறுநாளும் அப்படியே. ஊரில் இது பேச்சானது. "தூக்குவாளி இன்னைக்கு எத்தன கிலோ எடுத்துச்சு?" என்று தண்ணீர்க் குழாயடியில் கேலி செய்தார்கள். "ஒன்னவிடக் கூடத்தான்" என்பார் அம்மா.

ஒரு நாள் விடியற்காலை முருகேஸ்வரி அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எழுந்திருக்கக் கூடாதவர், ஜீப்படிவரை நடந்து வந்தார்.  ஜீப்பின் பின்பக்கம் வந்து உள்ளே பார்த்தார். தன் இடத்தில் தூக்குவாளி. அம்மா கதவோரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாதி உடம்பு வெளியே இருக்க, நின்றுகொண்டிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "வெள்ளன எந்திரிச்சு நடக்கக் கூடாதுன்னாகல்ல மதினி, வீட்டுக்குப் போ" என்றார் அம்மா.

மறுநாள் பவித்ரா பள்ளிக்கு வந்தாள். பை நிறைய நோட்டுகளோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "எதுல விட்டுச்சு?" என்று கேட்டாள்.

அதன் பிறகு அம்மாவின் ஜீப்பில் எந்தப் பிள்ளையும் ஏறவில்லை. மார்கழியிலும் தையிலும் ஒன்றிரண்டு இடங்கள் காலியாகவே போய் வந்தன. வருகிற பெண்கள் அம்மாவைத் தனியாக எடுக்கவிடாமல், வராதவர் வரிசையைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். யாரும் சொல்லி நடந்ததல்ல என்று காசிம் அண்ணன் சொன்னார். மற்ற ஜீப்புகளில் வழக்கம் மாறச் சில வருடங்கள் ஆயின. ஒரு கங்காணி இதற்காக அம்மாவோடு பேசாமலே இருந்தார். அவரும் அம்மாவின் இறுதி ஊர்வலத்தில் நடந்து வந்தார்.

பள்ளியில் பெரிய டீச்சர், பிள்ளைகள் விட்ட நாட்களுக்கெல்லாம் சேர்த்துச் சனிக்கிழமைகளிலும் வகுப்பு வைத்தார். பவித்ராவின் வருகை காணுமா காணாதா என்று கடைசிவரை தெரியவில்லை. பரீட்சைக்குப் பெயர்கள் போன அன்று டீச்சர் வகுப்புக்கு வந்து எங்கள் எல்லோர் பெயரையும் வாசித்தார். பதினோரு பெயர். ஒன்றும் விடுபடவில்லை. பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி நெடுநேரம் அதை அழித்துக்கொண்டிருந்தார். அதில் அழிக்க ஒன்றும் இல்லை.

அன்று மாலை நான் ஜீப்படிக்கே ஓடினேன். அம்மா இறங்கியதும் சொன்னேன். அம்மா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "பவித்ரா பேரும் போயிருக்கா?" என்றார். போயிருக்கிறது என்றேன். ஜீப்பிலிருந்த எல்லோரையும் பார்த்து, "நல்லது. இனி என் முட்டிக்கு எவளாச்சும் ஒரு ஹால் டிக்கெட் வாங்கிக் குடுங்கடி" என்றார். அவ்வளவு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

பத்துப் பேர் தேர்ச்சி பெற்றோம். ஒரு பையனுக்குக் கணக்கு விட்டுப்போனது. ஜூனில் எழுதி வாங்கினான். பவித்ரா இப்போது தேனியில் ஒரு மருத்துவமனையில் ஆய்வகப் பணியாளர். ஒருத்தி கிராம நிர்வாக அலுவலர். ஒருத்தி திருப்பூரில், ஒருத்தி மூணாரில். நான் காற்றாலையில். இன்னொருத்தி பத்தாவது முடித்து, கல்யாணமாகி, இப்போது ஏலத்தோட்டத்துக்குத்தான் போகிறார். அம்மா அதைக் குறையாகச் சொன்னதே இல்லை. "அவ தெரிஞ்சு ஏறுறா. அது வேற" என்பார். பள்ளியில் இப்போதும் பத்தாம் வகுப்பு நடக்கிறது. சில வருடம் எட்டுப் பேர், சில வருடம் பதினைந்து. அரிசி அறைக்குப் பதிலாகப் புதுக் கட்டடம் வந்துவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு விடுமுறையில் அம்மாவோடு ஜீப்பில் போனேன். நான் ஏறும் கோபுரங்கள் உயரமானவை. ஆனால் உடம்பில் பட்டை கட்டி, கொக்கி மாட்டி, கீழே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கத்தான் ஏறுவேன். அம்மா வேலை செய்த சரிவில் பிடித்துக்கொள்ள ஏலத்தட்டையைத் தவிர ஒன்றும் இல்லை. மேகம் காலுக்குக் கீழே போனது. ஈரச் சருகில் கால் வைத்த இடமெல்லாம் அட்டை. அந்தச் சரிவில் முட்டி வலியோடு, இரண்டு பேர் வேலையை வாரக்கணக்கில் ஒருவர் செய்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உடம்பால் புரிந்தது. நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். "என்னத்தா, தல சுத்துதா? கோபுரத்துல ஏறுறவதான நீ?" என்று அம்மா கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

போன ஆவணியில், பருவம் தொடங்கிச் சில வாரங்களிலேயே, அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது. பத்து நாட்கள் இருந்தார். கண் மட்டும் எல்லோரையும் எண்ணிக்கொண்டே இருந்தது. அறைக்குள் வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். எல்லோரும் வந்துவிட்டோமா என்று பார்ப்பது போல இருக்கும். ஒரு விடியற்காலை, ஜீப்புகள் மேட்டில் ஏறும் நேரத்தில், அம்மா எங்களை விட்டுப் போனார்.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்கள். இந்த வரிசையை மட்டும் நான் சுருக்கப் போவதில்லை. அழைத்ததும் வந்த ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும், அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்த செவிலியர்களுக்கும், பணி ஓய்வு பெற்ற பின்னும் பெரியகுளத்திலிருந்து அதே போல் பேருந்து மாறி மாறி வந்து அம்மாவின் காலடியில் நின்ற பெரிய டீச்சருக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பெரியவிடாமல் சமைத்துக் கொண்டுவந்த மலையடிவார வரிசை வீடுகளுக்கும், மூன்று நாள் ஜீப்பை எடுக்காமல் எங்கள் வாசலிலேயே கிடந்த காசிம் அண்ணனுக்கும், எங்கள் அப்பாவைத் தனியாக இருக்கவிடாமல் திராட்சைத் தோட்டத்துக்குத் திரும்பக் கூட்டிப்போனவர்களுக்கும், ஓடி ஓடிப் பரிசோதனை முடிவுகளை வாங்கிவந்த பவித்ராவுக்கும் எங்கள் நன்றி.

முருகேஸ்வரி அத்தைக்கு இதைத் தனியாக எழுதுகிறேன். காரியம் முடிந்த அன்று நீங்கள் அம்மாவின் தூக்குவாளியைக் கேட்டீர்கள். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளக் கேட்கிறீர்கள் என்று நினைத்துக் கொடுத்தோம். அது எங்கே இருக்கிறது என்பதைப் போன மாதம்தான் தம்பி ஜீப்படியில் பார்த்துவிட்டு வந்து சொன்னான். இப்போது நீங்கள்தான் கங்காணி. ஆனாலும் அம்மாவின் கதவோரத்து இடத்தில் நீங்கள் உட்காரவில்லை, வேறு யாரையும் உட்காரவிடவும் இல்லை. காய் குமிந்த மாதத்திலும் அம்மாவின் தூக்குவாளி அங்கே உட்கார்ந்து மலையேறி இறங்கியிருக்கிறது. கேட்டவர்களிடம் நீங்கள் "ஆளு இருக்கு" என்று சொன்னீர்களாம்.

வராத ஆளின் இடம் ஒரு பருவத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்பது அம்மா வைத்த வழக்கம். நீங்கள் ஒரு பருவம் முடிந்து, அடுத்த பருவத்திலும் காத்திருக்கிறீர்கள். போதும் அத்தை. தூக்குவாளி உங்களிடமே இருக்கட்டும். நாளையிலிருந்து அந்த இடத்தில் ஒரு ஆளை ஏற்றுங்கள். எப்படிப்பட்ட ஆளை ஏற்றக் கூடாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.